19 வரிசை, 10 புள்ளி

வடக்கு தெற்காக 1,275 மைல். கிழக்கு மேற்காக 582 மைல். பர்மாவில் என் வயதுக்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு எண்ணையும் பிசகாமல் சொல்வார்கள். பூகோளப் பாடம் என்றால் எங்களுக்கு அதுதான். சயாமா, அதாவது ஆசிரியை, ஒரு வரி சொல்வார், வகுப்பு முழுக்கச் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்வோம். மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஒரு மைல் என்றால் எதுவரை என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

படித்து முடித்து நானே ஆசிரியையான பிறகும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன். பகலில் ஒரு தனியார் பள்ளியில் பர்மிய மொழியில் சமூகப் பாடம் எடுக்கிறேன். அங்கே நான் சயாமா. ஏப்ரல், மே விடுமுறையில் யாங்கோன் புறநகரில் எங்கள் பேட்டைக் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. அங்கே நான் டீச்சர். கோயில் வகுப்பில் தேர்வு கிடையாது, மேலதிகாரி கிடையாது. அதனால் எதையாவது புதிதாகச் செய்து பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் முடியும். கற்பிக்க நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

முதல் முயற்சி சரியாக வரவில்லை. சில வருடங்களுக்கு முன் பகல் பள்ளியில் 'செய்முறைப் பாடம்' வேண்டும் என்று சொன்னார்கள். எல்லோரும் தெர்மாகோலில் பர்மா வரைபடம் செய்துகொண்டு வரச் சொன்னேன். வந்த படங்கள் ஒவ்வொன்றும் கண்காட்சிக்கு வைக்கலாம் போல இருந்தன. மலைக்குப் பச்சைப் பஞ்சு, ஆற்றுக்கு நீல நூல், ஷ்வேடகன் பகோடா இருக்கும் இடத்தில் தங்கக் காகிதம். ஒரு பையனைக் கூப்பிட்டு, "இதில் உன் வீடு எங்கே இருக்கும், காட்டு" என்றேன். அவன் விரல் மேற்குக் கடலோரத்துச் சிட்வே பக்கம் போய் நின்றது. பிறகுதான் விசாரித்தேன். படத்தை அவன் அக்காவும் அம்மாவும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளிலும் இதே கதைதான். பிள்ளைகள் செய்தது, படத்தை நசுங்காமல் பஸ்ஸில் கொண்டுவந்தது மட்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. கை வேலை செய்தால் மட்டும் பாடம் ஆகிவிடாது. அந்தக் கைக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்க வேண்டும். பிள்ளை முதலில் ஊகிக்க வேண்டும், ஊகத்தை எழுதி வைக்க வேண்டும், அப்புறம் அளக்க வேண்டும். ஊகமும் அளவும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது.

2025 ஏப்ரல். பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் முடிந்து வகுப்பு தொடங்கியது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது, அதனால் படம் போட்டுக் காட்டுகிற யோசனையை விட்டுவிட்டேன். கையில் இருந்தது கோயில் முற்றமும் கோலமாவும்தான். தினமும் விடியற்காலையில் முற்றத்தில் கோலம் போடுகிற ஆயா ஒருத்தர் உண்டு, எழுபது வயதுக்கு மேல். ஒருநாள் அவர் குனிந்து புள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூல் பிடித்ததுபோல் புள்ளிகள் நேர் வரிசையில் விழுந்தன. இது அட்சரேகை, தீர்க்கரேகை கட்டம் அல்லாமல் வேறென்ன என்று தோன்றியது.

பர்மா ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் தொடங்கி 28-ஐத் தாண்டி முடிகிறது. மேற்கே 92, கிழக்கே 101. டிகிரிக்கு ஒரு புள்ளி என்றால் 19 வரிசை, வரிசைக்கு 10 புள்ளி. ஆயாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன, வச்சிடலாம் டீச்சர். எவ்வளவு இடைவெளி?" என்றார். ஓரடி என்றேன். சாயங்கால வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளும் அவரும் சேர்ந்து 190 புள்ளி வைத்து முடித்தார்கள். கோணலாகப் போன இடங்களை ஆயா காலால் அழித்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் என்னைவிடக் கண்டிப்பு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை. டிகிரி எண்தான் வரிசையின் எண். அந்த வரிசையில் நாடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். முழுப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. 10-ஆம் வரிசைக்காரி தென்கோடி கௌதாங்குக்கு ஒரே ஒரு சின்னக் குறி வைத்துவிட்டு, "என்னோடது அவ்வளவுதானா?" என்று முகம் சுருங்கிப்போனாள். 21, 22 வரிசைக்காரர்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார்கள். எல்லாக் குறிகளையும் இணைத்துக் கோடு இழுத்தபோது வாலோடு ஒரு பட்டம் முற்றத்தில் படுத்திருந்தது. சுவரில் நூறு தடவை பார்த்த படம்தான். ஆனாலும் பிள்ளைகள் "பர்மா! பர்மா!" என்று கூச்சல் போட்டார்கள். சற்று முன் முகம் சுருங்கியவள் வாலின் நுனியில் ஏறி நின்றுகொண்டாள்.

மறுநாள் ஒரு கயிற்றை எடுத்து வந்தேன். வடக்கு தெற்காக ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 69 மைல், ஆகவே நம் கோலத்தில் ஓரடி 69 மைல், இதை வைத்துக்கொண்டு நாட்டை அளந்து பாருங்கள் என்றேன். தலையிலிருந்து வால் நுனிவரை பதினெட்டரை அடி. ஒரு பெண் தரையிலேயே கோலமாவால் பெருக்கிப் பார்த்தாள். 1,276 சொச்சம். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1,275 என்று வருடக்கணக்காக ஒப்பித்து வந்த எண் அவளுடைய கயிற்றிலிருந்தே வந்துவிட்டது.

அடுத்தது அகலம். கயிறு ஒன்பது அடி காட்டியது. ஒன்பதை 69-ஆல் பெருக்கினால் 621. புத்தகத்தில் 582. மறுபடி அளந்தார்கள். மறுபடியும் 621. மளிகைக்கடைக்காரர் மகன் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன், எழுந்து கேட்டான்: "அப்போ புத்தகம் தப்பா, டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 'புத்தகத்தில் உள்ளதுதான் சரி, உட்கார்' என்று பகல் பள்ளியில் நான் சொல்லியிருக்கக்கூடும். அன்று சொல்லவில்லை. "தெரியலப்பா. நாளைக்குப் பார்ப்போம். நீயும் யோசிச்சிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்தபின் சட்டென்று உறைத்தது. நாங்கள் உருண்டையைத் தட்டையாக்கிவிட்டோம். அட்சரேகைகள் சம இடைவெளியில் போகும். தீர்க்கரேகைகள் அப்படியல்ல. நடுவில் விலகி நின்று, துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எங்கள் கோலத்தில் மேலேயும் கீழேயும் ஒரே ஓரடி.

காலையில் சந்தையில் வரி போட்ட தர்பூசணி ஒன்றைத் தேடி வாங்கினேன். வட்டமாகப் பார்த்துப் பொறுக்கியதில் பழக்காரம்மாவுக்குக் கோபம். அதை மேசைமேல் வைத்து, பையனிடம் ஒரு நூலைக் கொடுத்து, இரண்டு கரும்பச்சை வரிகளுக்கு நடுவே வயிற்றில் எவ்வளவு, காம்புக்குப் பக்கத்தில் எவ்வளவு என்று அளக்கச் சொன்னேன். வயிற்றில் நாலு விரல், காம்பருகே ஒரு விரல்கூட இல்லை. அவன் பழத்தைப் பார்த்தான், முற்றத்தைப் பார்த்தான். "நம்ம புள்ளி மேலே போகப் போகக் கிட்ட கிட்ட வந்திருக்கணும்" என்றான். நான் அந்த விளக்கத்தைச் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. 21, 22 டிகிரி பக்கம் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி சுமார் 64 மைல்தான் என்று மட்டும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதால் பெருக்கினான், 576. புத்தகத்துக்கு ஆறு மைல் குறைவு. எங்கள் கோலத்தில் ஆறு மைல் என்பது ஓர் அங்குலம். "ஓர் அங்குலம் கயிறு தொய்ஞ்சிருக்கும், டீச்சர்" என்றான். பழத்தை வெட்டித் தின்றோம்.

இத்தனை வருடம் நான் ஒப்பித்த, ஒப்பிக்க வைத்த 582-க்குள் பூமி உருண்டை என்கிற விஷயம் ஒளிந்திருந்ததை அந்தப் பிள்ளைதான் எனக்கு எடுத்துக் காட்டினான். ஒரு செய்முறை பிசகாமல் முடிந்தால் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது, பிள்ளைகளுக்கு யோசிக்க இடமே இல்லாமல் செய்துவிட்டேனோ என்று.

அடுத்த வாரம் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பிடி பொருள் கொண்டுவரச் சொன்னேன். எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். உளுந்து பெகு பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அங்கே நெல் அறுத்த ஈரத்திலேயே பனிக்காலத்தில் உளுந்து போடுகிறார்கள். துவரை, எள், வெங்காயம், பனைவெல்லம் எல்லாம் நடுநாட்டில் மாண்டலே, மக்வே பக்கம் குவிந்தன. தேயிலை ஷான் மலைக்கு, நெல் ஐராவதிக் கழிமுகத்துக்கு. பிறகு தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். ஏன் நடுவில் மட்டும் எள்ளும் துவரையும்? ஏன் அங்கே நெல் குறைவு? பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டுவந்த பதில் "அங்க மழை இல்ல" என்பது. ஏன் இல்லை? மேற்குக் கரையோரம் செங்கல்லை வரிசையாக அடுக்கி ரக்கைன் யோமா மலையாக்கினோம். கடல் பக்கத்திலிருந்து ஒருவன் ஈரத் துணியை உதறினான். செங்கல்லின் மேற்குப் பக்கம் நனைந்தது, கிழக்குப் பக்கம் காய்ந்தே கிடந்தது. சிட்வேயில் வருடத்துக்கு ஏறக்குறைய 180 அங்குலம் மழை, மாண்டலேயில் 40 அங்குலத்துக்குள். ஈரக் காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. துணி உதறுவது அதற்கு முழு விளக்கம் ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். இந்த நாட்டுப் பருப்பையும் உளுந்தையும் அதிகம் வாங்குவது இந்தியாதான் என்றபோது ஒருத்தி, "அப்போ எங்க அத்தை அங்க சுடுற இட்லி பெகு உளுந்தா இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. மார்ச் 28-ஆம் தேதி, 7.7 அளவில் மாண்டலே, சகாயிங் பக்கம் ஆடி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வகுப்பில் இரண்டு பேருக்கு மாண்டலேயில் சொந்தக்காரர்கள் உண்டு. பிள்ளைகள் அதைப் பற்றித் தங்களுக்குள் மெதுவான குரலில்தான் பேசினார்கள். நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற சகாயிங் பிளவைக் கோலத்தில் குங்குமத்தால் இழுத்தோம். அது கிட்டத்தட்ட 96-ஆம் புள்ளி வரிசையை ஒட்டியே வடக்கு தெற்காக ஓடுகிறது. மாண்டலே, நேப்பிடோ, பெகு எல்லாம் அந்தக் கோட்டின் ஓரத்தில். 1930 மே 5-ஆம் தேதி பெகுவில் ஷ்வேமாடோ பகோடாவைச் சாய்த்ததும் இதே பிளவுதான். இரண்டு பலகையை ஒட்டி வைத்து, குறுக்கே அரிசிமாவால் ஒரு கோடு போட்டு, ஒரு பலகையை மட்டும் மெதுவாகத் தள்ளச் சொன்னேன். உரசல் பிடித்துக்கொண்டு முதலில் நகரவில்லை. அழுத்தித் தள்ளியதும் சடாரென்று நகர்ந்தது. மாவுக்கோடு இரண்டாக அறுந்து தள்ளிப்போய் நின்றது. மாண்டலேச் சொந்தக்காரப் பெண் அந்தப் பலகையைத் தானே மூன்று தடவை தள்ளிப் பார்த்தாள். பிறகு, "யாரும் தப்பு செஞ்சு வந்தது இல்ல இது, இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். வீட்டில் யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லைம்மா, இல்லவே இல்லை என்றேன்.

ஆயா இதையெல்லாம் மண்டபத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "எங்கப்பா ஊரையும் வையேன் டீச்சர், நாகப்பட்டினம்" என்றார். நாகப்பட்டினம் ஏறக்குறைய 80 டிகிரி கிழக்கு. எங்கள் மேற்குக் கோடிப் புள்ளிக்கு இன்னும் 12 அடி மேற்கே. பிள்ளைகள் வங்காள விரிகுடாவில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். கடைசிப் புள்ளி வேப்பமரத்து வேரில் விழுந்தது. கயிற்றைப் பிடித்தோம், யாங்கோனிலிருந்து 17 அடி சொச்சம், ஏறக்குறைய 1,200 மைல். ஆயா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். அப்பா மேஸ்திரி ஒருவரோடு கப்பலேறி வந்தது, கழிமுகத்து வயலில் அறுவடைக் கூலியாக நின்றது, 1964-க்குப் பிறகு அண்ணன் குடும்பம் கப்பலேறித் திரும்பிப் போனது, இவர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. ஏன் வந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது கழிமுகத்தில் கிடந்த நெல் பிடியைக் காட்டினேன். 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்த பிறகு அந்தக் காடெல்லாம் வயலானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்குச் சந்தை பெருகியது. காடு வெட்டவும் கதிர் அறுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. 1931 கணக்கெடுப்பில் இங்கே இருந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இதெல்லாம் பாடமாகச் சொன்னால் ஐந்து நிமிடம் கேட்பார்கள். அன்று ஆயாவின் கால்மாட்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையே முற்றத்தின் ஓரத்தில் மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நட்டிருந்தோம். தினமும் உச்சிவேளையில் நிழலை அளந்து சுவரில் எழுத வேண்டும். முதல் வாரத்தில் நிழல் வடக்கே மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நாளாக நாளாக அது குறைந்துகொண்டே வந்தது. மே முதல் வாரத்தில் ஊகம் எழுதச் சொன்னேன். 'அப்படியே நின்றுவிடும்', 'திரும்ப வளரும்' என்று எழுதினார்கள். தெற்கே விழும் என்று ஒருவரும் எழுதவில்லை. மே 7-ஆம் தேதி வானம் தெளிவாக இருந்தது. பன்னிரண்டு மணி அடித்து இரண்டு மூன்று நிமிடத்தில் குச்சிக்கு நிழலே இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்று தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் நிழல் அவரவர் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது.

மே 10-ஆம் தேதி நிழல் அரை அங்குலத்துக்குத் தெற்கே விழுந்திருந்தது. அதை முதலில் பார்த்தது மளிகைக்கடைக்காரர் மகன்தான். சூரியன் இப்போது நமக்கு வடக்கே போய்விட்டதா என்று கேட்டான். ஆமாம், ஆகஸ்ட் முதல் வாரம்வரை உச்சிவேளையில் வடக்கேதான் நிற்கும் என்றேன். வடக்கே இருக்கும் மிச்சீனாவுக்கு இப்படி வருமா என்று, சூரியன் தலைக்கு நேரே வரும் வடக்கு எல்லையான கடகரேகையைக் கோலத்தில் தேடிப் பார்த்தார்கள். மிச்சீனா அதற்கு மேலே 25-ஐத் தாண்டி இருந்தது. அங்கே நிழல் ஒருநாளும் முழுதாக மறையாது.

சென்னையில் எப்படி என்று ஒருவன் கேட்டான். அவனுடைய மாமா அங்கே இருக்கிறார். என் போனிலிருந்தே கூப்பிட்டான். "மாமா, மூணடிக் குச்சி ஒண்ணு நட்டு வையுங்க. உச்சி நேரத்துல நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்துச் சொல்லுங்க." மாமா, "இங்க மணி பதினொண்ணேகால்தான்டா ஆகுது, இன்னும் உச்சி வரலையே" என்றார். பையன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான், பன்னிரண்டேகால். பிறகு கோலத்தையும் வேப்பமரத்தையும் பார்த்தான். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். எங்கள் கடிகாரத்தில் ஒரு மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில் படம் வந்தது. மொட்டைமாடியில் துடைப்பக் கட்டை ஒன்று, பக்கத்தில் அளவுகோல். நிழல் தெற்கே, மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"நம்மளைவிட நீளம்" என்றாள் கௌதாங் வரிசைக்காரி. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் அவளே தரையில் குந்தி, சென்னை இருக்கும் 13-ஆம் வரிசையில் ஒரு விரலை வைத்து, அங்கிருந்து யாங்கோனுக்கு, யாங்கோனிலிருந்து மாண்டலேக்கு என்று மெதுவாக வடக்கே இழுத்துக்கொண்டு போனாள். "மாமா ஊரை முன்னாடியே தாண்டிட்டு வந்திருக்கு. அடுத்தது மாண்டலே. என்னைக்கு டீச்சர்?"